டி.வி.க்குக் குழாய் ஸ்பீக்கர் வைத்த கதை

இயற்பியல் படித்தவர்களின் கையில் ஸ்க்ரூடிரைவரைக் கொடுக்கக் கூடாது. கொடுத்தவர்கள் யாரும் நன்றாக இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. நான் இயற்பியல் படித்தவள். செங்கல்பட்டில் பெரியம்மா வீட்டில் தங்கி பி.எஸ்ஸி. முடித்தேன். அதுவும் முதல் வகுப்பில். டிரான்ஸ்ஃபார்மர் படம் வரையச் சொன்னால் ஸ்கேல் வைத்து, பென்சிலைக் கூராகச் சீவி, பார்ப்பவர்கள் சட்டம் போட்டு மாட்டும் அளவுக்கு வரைவேன். நிஜ டிரான்ஸ்ஃபார்மரோடு எனக்கிருந்த பழக்கம், ஒருமுறை மழைக்கு அதன் அடியில் ஒதுங்கி நின்றதுதான். (ஒதுங்கக் கூடாது என்பது பாடத்திட்டத்தில் இல்லை.)

இந்த லட்சணத்தில்தான் கோவளத்தில் எங்கள் வீட்டு டி.வி.யைத் திறந்தேன்.

எங்கள் அத்தா, அதாவது அப்பா, கோவளத்தில் ஐஸ் கம்பெனி வைத்திருந்தார். கம்பெனி என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு ஷெட், அதற்குள் ஒரு பழைய கம்ப்ரஸர், பலகை பலகையாக ஐஸ், அதை உடைத்து மரத்தூளில் புரட்டிப் படகுகளுக்குக் கொடுக்க நாலைந்து ஆட்கள். ஆனாலும் கடற்கரைக் குப்பத்தில் இருந்தவர்களுக்கு அவர்தான் ‘மொதலாளி’. கிராமத்தில் வேறு எத்தனையோ முதலாளிகள் இருந்தார்கள். மளிகை முதலாளி, படகு முதலாளி, டீக்கடை முதலாளி. ஆனால் முன்னால் எதுவும் ஒட்டாமல் வெறுமனே ‘மொதலாளி’ என்று சொன்னால் அது எங்கள் அத்தாதான்.

அந்தக் கம்ப்ரஸர் வருஷக்கணக்காகத் தடதடத்து அத்தாவின் காதைப் பாதி சாப்பிட்டுவிட்டிருந்தது. அதை அவர் ஒப்புக்கொள்ள மாட்டார். நாம் சாதாரணமாகப் பேசினால், “ஏன் எல்லாரும் ரகசியம் பேசிகினு கீறீங்க?” என்று கோபிப்பார். அம்மா சோறு போடட்டுமா என்று கேட்டால், “யாரு வந்தா?” என்பார். அம்மாவும் சளைக்காமல் வாசலைப் பார்த்து, “யாரும் வர்ல, சோறுதான் வருது” என்பாள்.

சென்னையில் டி.வி. வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. மகாபலிபுரத்து ஓட்டல் ஒன்றில் மீன் விஷயமாகப் பேசப் போன அத்தா, அங்கே வரவேற்பறையில் ஒரு டி.வி.யைப் பார்த்து மயங்கித் திரும்பினார். அடுத்த மாதமே எங்கள் கூடத்தில் ஒன்று வந்து இறங்கியது. நாலு கால், மரப் பெட்டி, முன்னால் இழுத்து மூடும் கதவு, அதற்குப் பூட்டு, சாவி. பீரோவுக்கும் அதற்கும் ஒரே வித்தியாசம், பீரோவில் புள்ளி புள்ளியாய்க் கொசு தெரியாது. மாடியில் நீளக் குழாய் நட்டு அதன் உச்சியில் ஆன்டெனாவைக் கட்டினார்கள். கடல்காற்று அதை அசைக்கும்போதெல்லாம் செய்தி வாசிப்பவருக்கு இரண்டு தலை வரும்.

ஊரே வந்தது. கூடத்தில் பெண்கள், முற்றத்தில் ஆண்கள், ஜன்னல் கம்பியில் பிள்ளைகள். இத்தனை பேரும் இரும, பேச, குழந்தையை அதட்ட, டி.வி.யின் ஓரத்திலிருந்த கையகல ஸ்பீக்கர் முணுமுணுத்துக்கொண்டு கிடந்தது. அத்தாவுக்கோ ஒரு எழுத்தும் விழவில்லை. ஊமைப்படம் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, “இவன் இன்னா சொல்றான்? இவ ஏன் அழுவுறா?” என்று பக்கத்தில் இருப்பவரைக் குடைவார். அவர் சொல்லி முடிப்பதற்குள் அடுத்தவள் அழ ஆரம்பித்திருப்பாள்.

“காது டாக்டரைப் பாத்துட்டு வரலாமே” என்று அம்மா ஒருநாள் மெதுவாகச் சொன்னாள். (மெதுவாக என்றால் எங்கள் வீட்டு மெதுவாக. தெருவுக்கே கேட்டது.)

“எனக்குக் காது நல்லாத்தான் கீது. டப்பாவுக்குத்தான் தொண்ட சரியில்ல” என்றார் அத்தா.

நான் அப்போது வேறு ஒரு போரில் இருந்தேன். சென்னைக்குப் போய் எம்.எஸ்ஸி. படிக்க வேண்டும், ஹாஸ்டலில் சேர வேண்டும். அத்தா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. “பாக்கலாம்” என்றார். எங்கள் வீட்டில் ‘பாக்கலாம்’ என்றால் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பார்க்கலாம் என்று அர்த்தம். விண்ணப்பம் அனுப்பக் கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அன்று துணிந்து மறுபடி கேட்டேன்.

அத்தா டி.வி.யைக் காட்டினார். “ஃபிசிக்ஸு, ஃபிசிக்ஸுன்றியே. இந்த டப்பாவுக்குக் கொஞ்சம் சத்தம் வெச்சிக் குடு பாப்போம். அத்த செஞ்சின்னா மெட்ராஸ்.”

என் வாழ்க்கையிலேயே இவ்வளவு சுலபமான நுழைவுத்தேர்வு வேறு இருக்க முடியாது என்று நினைத்தேன்.

யோசனை எளிமையானது. டி.வி.யின் ஸ்பீக்கருக்குப் போகும் இரண்டு வயர்களைக் கழற்றி ஓர் ஆம்ப்ளிஃபயரில் கொடுக்க வேண்டும். ஆம்ப்ளிஃபயரிலிருந்து பெரிய ஸ்பீக்கர். அவ்வளவுதான். ஆம்ப்ளிஃபயருக்கு அந்தோணி அண்ணனிடம் போனேன்.

அந்தோணி அண்ணன் மைக் செட் வைத்திருந்தார். கோயில் திருவிழா, மாதா தேர், தர்கா சந்தனக்கூடு, காதுகுத்து, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் அவர்தான். இது போக, குப்பத்தில் அவருக்கு இன்னொரு வேலையும் இருந்தது. படகு திரும்பவில்லை, கடல் சீறுகிறது, யாரோ தவறிவிட்டார் என்றால் அவருடைய மைக்கில்தான் அறிவிப்பு வரும். அதனால் குழாய் ஸ்பீக்கரிலிருந்து ஒரு குரல் வந்தால் குப்பத்து ஜனங்கள் கையிலிருக்கும் வலையைக் கீழே போட்டுவிட்டுக் காதைக் கொடுப்பார்கள். இந்தக் கடைசி விவரத்தை நான் சிறுவயதிலிருந்து அறிவேன். அறிந்து என்ன பயன்? அது சிலபஸில் இல்லாததால் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

“பொட்டி ஸ்பீக்கர் இருக்கா அண்ணே? வீட்டுக்குள்ள வைக்கிற மாதிரி?” என்று கேட்டேன்.

“அதெல்லாம் நம்மகிட்ட ஏது தங்கச்சி? குழாதான் கீது. ரெண்டு குழா. ஆனா ஒண்ண மட்டும் போடாத. ரெண்டும் சேந்தாதான் ஆம்ப்ளிஃபயரு தாங்கும். ஒண்ண வுட்டின்னா பொகஞ்சி பூடும்.”

சரி, ஒன்றைக் கூடத்து மூலையில் சுவரைப் பார்த்து வைக்கலாம். இன்னொன்றை என்ன செய்வது? இங்கேதான் என் முதல் வகுப்பு மூளை வேலை செய்தது. சாயங்காலத்தில் கடல்காற்று கடலிலிருந்து கரைக்கு வீசும். ஆகவே, மாடியில் ஸ்பீக்கரைக் கடலைப் பார்த்துக் கட்டினால் சத்தம் காற்றுக்கு எதிராகப் போக முடியாமல் அங்கேயே அடங்கிவிடும். இதை ஒரு தாளில் அம்புக்குறி போட்டு அந்தோணி அண்ணனுக்கு விளக்கினேன். அவர் தாளைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்து, “படிச்ச புள்ள சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றார்.

எங்கள் மாடிக்கும் கடலுக்கும் நடுவில் குப்பம் முழுவதும் இருந்தது என்பதைத் தாளில் வரையவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் டி.வி.யின் முதுகைத் திறந்தேன். உள்ளே குட்டிக் குட்டியாய்க் கண்ணாடி பல்புகள், தூசி, ஒரு பல்லி. பல்லி என்னைப் பார்த்த பார்வையில் ‘உனக்கு இது தேவையா’ என்று இருந்தது. ஸ்பீக்கர் வயரைக் கழற்றி நீட்டி ஆம்ப்ளிஃபயரில் சொருகிச் சுவிட்சைப் போட்டோம்.

ங்ங்ங்ங்ஙொய்ய்ய்!

ஊரிலுள்ள வண்டுகள் எல்லாம் எங்கள் கூடத்தில் மாநாடு போட்டதுபோல் ஓர் இரைச்சல். அம்மா வளர்த்த கோழி சுவரேறிக் குதித்து ஓடியது. அதை மறுநாள்தான் பிடித்தோம். அம்மா அடுப்படியிலிருந்து அகப்பையோடு வந்து நின்றாள். “ஏ ஹமீதா, ஒண்ணு நீ இரு, இல்ல அந்தப் பொட்டி இருக்கட்டும்.” நான் ஆம்ப்ளிஃபயரைத் தொட்டேன். முழங்கை வரை ‘சுர்’ என்றது. ஏதோ ஞாபகம் வந்து டி.வி.யின் பிளக்கைப் பிடுங்கித் திருப்பிப் போட்டேன். இரைச்சல் நின்றது. என் அறிவின் ஆழத்தை நானே வியந்தேன். உண்மையில் அது பூவா தலையா போட்டதுபோல் அமைந்த விஷயம்.

சாயங்காலம் நிகழ்ச்சி ஆரம்பித்தது. முதலில் வேளாண்மை. நெற்பயிரில் குருத்துப்பூச்சியைக் கட்டுப்படுத்துவது எப்படி என்று ஒருவர் விளக்கினார். இடி முழங்குவதுபோல் விளக்கினார். அத்தாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பல வருஷம் கழித்து ஊருக்கு வந்த மகனின் குரலைக் கேட்டதுபோல் மலர்ந்துவிட்டார். “ஆஹா, இன்னா தெளிவு! குருத்துப்பூச்சின்றான், கேட்டீங்களா?” என்று பக்கத்திலிருந்தவர்களுக்கெல்லாம் திருப்பிச் சொன்னார். (குப்பத்தில் அந்த நேரத்தில் யாரோ, “இன்னாடா, மீனுக்கு மருந்து தெளிக்கச் சொல்றான்?” என்று கேட்டதாகப் பிறகு தெரிந்தது.)

நான் ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, சத்தக் குமிழில் ஒரு கை வைத்து, விமானம் ஓட்டுபவளைப் போல் இருந்தேன். மனதுக்குள் சென்னை ஹாஸ்டலில் துணிமணிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

அடுத்தது நாடகம்.

நாடகத்தில் ஒரு பணக்காரர். அவருக்கு விசுவாசமான ஒரு வேலைக்காரர், ஒரு மனைவி, இரண்டு உதவாக்கரைப் பிள்ளைகள். ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் பணக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார். வேலைக்காரர் உரக்க அலறினார்.

“முதலாளி! முதலாளி! ஐயோ, முதலாளி போயிட்டாரே!”

எங்கள் கூடத்தில் பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். அம்மா அழுதாள். அத்தாவே துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முதன்முதலாக ஒவ்வொரு சொல்லும் காதில் விழுந்து அவர் பார்க்கும் நாடகம். அழாமல் இருப்பாரா? டி.வி.யில் மனைவி, “என்னைத் தனியா விட்டுட்டுப் போயிட்டீங்களே!” என்று கதறினாள். நான் சத்தத்தை இன்னும் கொஞ்சம் ஏற்றினேன். சோகம் தெளிவாகக் கேட்க வேண்டும் அல்லவா?

குப்பத்தில் என்ன நடந்தது என்பதைப் பிற்பாடு பலர் சொல்லிக் கேட்டதிலிருந்து ஒட்டவைத்துச் சொல்கிறேன். அங்கே படம் கிடையாது. வெறும் குரல். அதுவும் மொதலாளி வீட்டு மாடியிலிருந்து, அந்தோணியின் குழாயில், மொதலாளி போய்விட்டார் என்று. வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். “சாய்ங்காலம்தானேடா பாத்தேன், பீடி பத்த வெச்சிகினு நின்னாரு!” என்று ஒருவர் தலையில் கைவைத்துக்கொண்டார். அதற்குள் குழாயில் இரண்டு ஆண்குரல்கள் சண்டை போட ஆரம்பித்தன.

“பீரோ சாவி எங்கே? அதை முதலில் சொல்லு!”

“அப்பா உயிரோடு இருக்கும்போதே இந்தச் சொத்தெல்லாம் எனக்குத்தான் என்று சொல்லியிருக்கிறார்!”

“மொதலாளிக்குத்தான் பையனே கெடயாதே. ஒரே பொண்ணாச்சே” என்றாராம் ஒருவர்.

“செங்கல்பட்டு சொந்தக்காரனுங்களா இருக்கும்” என்றாராம் இன்னொருவர். “பாரேன், ஒடம்பு சூடு ஆறல, அதுக்குள்ள சாவிக்கு வந்துட்டானுங்க!”

அந்தோணி அண்ணனின் அத்தையும் அந்தக் கூட்டத்தில் இருந்திருக்கிறார். “பாய் வூட்ல ‘அத்தா’ன்னு இல்ல கூப்புடுவாங்க, இவன் இன்னா ‘அப்பா’ன்றான்னு எனக்கு அப்பவே டவுட்டு” என்று அவர் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் அன்று முன்வரிசையில் மாரடித்துக்கொண்டு ஓடிவந்ததும் அவர்தான்.

எங்கள் வீட்டுக்குள் இது எதுவும் தெரியாது. நான் முற்றத்தைப் பார்த்தேன். ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். வேலி ஓரம் நின்றார்கள், வாசற்படியில் உட்கார்ந்தார்கள். எல்லார் முகத்திலும் கண்ணீர். என் ஸ்பீக்கரின் மகிமையைப் பாருங்கள், வாசலுக்கு வெளியே நிற்பவர்கள்கூட நாடகத்தில் உருகுகிறார்கள் என்று பூரித்துப்போனேன். அவர்கள் பங்குக்கு உள்ளே பார்த்தார்கள். கூடம் நிறையப் பெண்கள் அழுதுகொண்டிருக்கிறார்கள். அம்மா சுவரில் சாய்ந்து மூக்கைச் சிந்துகிறாள். வேறென்ன அத்தாட்சி வேண்டும்? சத்தம் போடாமல் செருப்பைக் கழற்றிவிட்டு அவர்களும் உட்கார்ந்து அழுதார்கள். இந்தப் பக்கம் நாடகத்துக்கு அழுகிறவர்கள், அந்தப் பக்கம் அத்தாவுக்கு அழுகிறவர்கள், நடுவில் அத்தா. அவரும் அழுகிறார்.

செல்லியம்மா வந்தாள். கூடையில் மீன் சுமந்து கேளம்பாக்கம் வரை விற்பவள். எங்கள் கம்பெனியில் தினம் ஐஸ் வாங்குபவள். அவள் வாசலிலேயே ஒப்பாரியைத் தொடங்கிவிட்டாள்.

“ஐஸு குடுத்த மவராசா, அள்ளிக் குடுத்த மவராசா, இனிமே யாரு குடுப்பா எனக்கு ஓரத்துத் துண்டெல்லாம்!”

பாடிக்கொண்டே கூட்டத்தைப் பிளந்து முன்னால் வந்து, நாற்காலிக் காலைக் கட்டிக்கொண்டு தலையை ஆட்டி ஆட்டி அழுதாள். அது அத்தா உட்கார்ந்திருந்த நாற்காலி. அத்தா குனிந்து பார்த்தார். நாடகத்தில் இவ்வளவு மனசைக் கொடுத்துவிட்டாளே என்று அவருக்கு இரக்கமாகிவிட்டது. தோளைத் தட்டினார்.

“அழுவாத செல்லி. செத்த மாரிதான் காட்டுவான். கடசில எழுந்துடுவான் பாரு.”

செல்லியம்மா நிமிர்ந்தாள். அத்தாவின் முகத்தைப் பார்த்தாள். டி.வி. வெளிச்சம் நீலமாக அவர்மேல் அடித்துக்கொண்டிருந்தது. அவள் வாய் திறந்தது, ஒப்பாரி வரவில்லை. “யம்மா” என்று ஒரே சொல். அப்படியே மல்லாந்துவிட்டாள்.

“தண்ணி, தண்ணி!” என்று பெண்கள் கத்தினார்கள். இந்தக் களேபரத்துக்கு நடுவில்தான் சுல்தான் மாமா உள்ளே வந்தார்.

சுல்தான் மாமா அம்மாவின் அண்ணன். அடுத்த தெருவில் மளிகைக் கடை. ஒரு கல்யாணத்தில் தாளிச்சாவில் மாங்காய் குறைவு என்று அத்தா ஏதோ சொல்லப்போய், அது வளர்ந்து வளர்ந்து, பல வருஷமாக இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. எதிரே வந்தால் ஒருவர் கடலைப் பார்ப்பார், ஒருவர் வானத்தைப் பார்ப்பார். அந்த மாமா ஒரு காலில் மட்டும் செருப்போடு, கண்ணீர் வழிய, கையில் கடையின் எடைக்கல்லைத் தூக்கிக்கொண்டு பாய்ந்து வந்தார். அழுவதா அடிப்பதா என்று அவருக்கே முடிவாகவில்லை.

“எவன்டா சாவி கேட்டவன்? என் தங்கச்சிக்கு யாரும் இல்லன்னு நெனச்சீங்களாடா? வெளிய வாங்கடா!”

அம்மா எழுந்துவிட்டாள். “அண்ணே!” என்று அவள் போட்ட சத்தத்துக்கு ஆம்ப்ளிஃபயர் தேவைப்படவில்லை. அத்தனை வருஷம் கழித்து வீட்டுவாசலை மிதித்த அண்ணன். இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். மாமா அவள் தலையைத் தடவி, “நான் கீறேன்மா, நான் கீறேன். மச்சான எங்க வெச்சிருக்கீங்க?” என்றார்.

அம்மாவுக்குக் கேள்வி விளங்கவில்லை. நாற்காலியைக் காட்டினாள்.

“வா மச்சான்” என்றார் அத்தா. “குந்து. நாடகம் நல்லாத்தான் கீது.”

எடைக்கல் மாமாவின் காலிலேயே விழுந்தது. செருப்பில்லாத காலில். அவர் போட்ட அலறலில்தான் நான் முதன்முறையாகச் சத்தத்தைக் குறைத்தேன். குறைத்த பிறகுதான் மாடியிலிருந்து வந்த எதிரொலியும், முற்றத்து அழுகையும், தெருவில் ஓடிவரும் காலடிகளும் தனித்தனியாகக் காதில் விழுந்தன. என்னவோ தப்பு நடந்திருக்கிறது என்று என் காது சொன்னது. மூளைக்கு இன்னும் தகவல் போகவில்லை.

அது போனது, பள்ளிவாசலிலிருந்து சந்தூக் வந்து சேர்ந்தபோது. சந்தூக் என்றால் இறந்தவரை வைத்துச் சுமந்து போகும் பெட்டி. இரண்டு பக்கமும் ஆள் பிடித்து, அதைக் கவனமாக முற்றத்தில் இறக்கினார்கள். அத்தா எழுந்து வெளியே வந்தார். வந்ததும் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, குரலைத் தாழ்த்தி, உண்மையான வருத்தத்தோடு கேட்டார்.

“யாருக்குப்பா?”

தூக்கி வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் ஒருவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

“ஒங்களுக்குத்தான் பாய்.”

அத்தாவின் காது எவ்வளவு மந்தமாக இருந்தாலும் அது மட்டும் சரியாக விழுந்துவிட்டது. அவர் சந்தூக்கைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். மாடியில் கடலைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டிருந்த குழாயைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். நான் டி.வி.க்குப் பின்னால் பல்லி இருந்த இடத்தில் எனக்கும் இடம் கிடைக்குமா என்று பார்த்தேன்.

“ஒண்ணும் பேஜாரு வேணா. நான் சொல்லிக்கிறேன்” என்று அந்தோணி அண்ணன் முன்னால் வந்தார். மைக்கைக் கொண்டுவந்திருந்தார். “தங்கச்சி, டி.வி. வயர எட்துட்டு இத்த குடு. ஒரே நிமிசத்துல ஊருக்கே சொல்லி முட்ச்சிடலாம்.”

பதற்றத்தில் டி.வி. வயரைப் பிடுங்கி, மைக் வயரைச் சொருகினேன். எதை எதில் சொருகினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்தோணி அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டார். அவருக்கு வெறுமனே பேச வராது. மைக்கைப் பிடித்துவிட்டால் முறைப்படிதான் வரும்.

“அன்பார்ந்த கோவளம் பொதுமக்களுக்கு ஓர் முக்கிய அறிவிப்பு. நமது ஐஸ் கம்பெனி முதலாளி அவர்கள் இன்று மாலை திடீரென்று காலமாகிவிட்டார்...”

‘என்று வந்த செய்தி தவறானது’ என்பது வாக்கியத்தின் மீதி. அதை அவர் சொன்னார். நாங்கள் எல்லாரும் கேட்டோம். ஆனால் குழாய் சொல்லவில்லை. ‘காலமாகிவிட்டார்’ என்பதற்கும் ‘என்று’ என்பதற்கும் நடுவில் ஆம்ப்ளிஃபயரிலிருந்து ‘டப்’ என்று ஒரு சத்தம், கொஞ்சம் புகை, பிறகு வீடு முழுக்க இருட்டு. என் கைவேலைதான். ஃபியூஸ் போய்விட்டது.

இதுவரை சந்தேகத்தில் இருந்த குடும்பங்களும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பின. ஆயிரம்தான் இருந்தாலும் அந்தோணியே சொல்லிவிட்டாரே! பேச்சு பாதியில் நின்றதற்கும் காரணம் கண்டுபிடித்தார்கள்: “பாவம், துக்கம் தொண்டய அடச்சிருச்சி.” பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்த மகாபலிபுரம் பஸ்ஸின் கண்டக்டர் காதிலும் அது விழுந்தது. அவர் அத்தாவிடம் வாஞ்சையுள்ள மனிதர். வழி நெடுக ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கிச் சொல்லிக்கொண்டே போயிருக்கிறார். மகாபலிபுரத்தில் சொன்னதை யாரோ செங்கல்பட்டுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே பெரியம்மா மயங்கி விழுந்தார்.

மறுநாள் காலையிலிருந்து அத்தாவுக்கு ஒரே வேலை. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து உயிரோடு இருப்பது. பஸ்ஸிலிருந்து இறங்கி அழுதுகொண்டே வருகிறவர்கள் கண்ணில் தூரத்திலேயே பட வேண்டும் என்று அம்மா அவரை வெள்ளைச் சட்டை போடவிடவில்லை. பச்சைக் கட்டம் போட்ட சட்டை மாட்டிவிட்டாள். அப்படியும் பெரியம்மா அவரைத் தாண்டிக்கொண்டு உள்ளே ஓடி, “எங்க, மொகத்தக் காட்டுங்க!” என்று கூடத்தில் புரண்டார். செல்லியம்மாவோ ஒரு வாரம் வரை அத்தாவிடமிருந்து நேராக ஐஸ் வாங்க மறுத்துவிட்டாள். “கை ஜில்லுனு கீது. அவரு கையா ஐஸான்னு எனக்கு டவுட்டா கீது” என்றாள்.

இதெல்லாம்கூடப் போகட்டும். அத்தாவுக்கு மரியாதை செலுத்த அன்று கடலுக்குப் போவதில்லை என்று குப்பத்தில் முந்தின இரவே முடிவெடுத்திருந்தார்கள். அவர் உயிரோடு இருப்பது தெரிந்தும் அதை மாற்றவில்லை. போகாததால் ஐஸ் வாங்கவும் வரவில்லை. உடைத்து வைத்த ஐஸ் முழுவதும் ஷெட்டிலிருந்து உருகி, தெருவழியாக ஓடி, எங்கள் வாசலைச் சுற்றிக்கொண்டு கடலுக்குப் போயிற்று. அத்தா நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு அதைப் பார்த்தபடி இருந்தார். பக்கத்தில் சுல்தான் மாமா, கட்டுப்போட்ட காலோடு இன்னொரு நாற்காலியில். இரண்டு பேரும் முந்தின நாள்வரை பேசாதவர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. காலையிலிருந்து ஒரே பேச்சு. எல்லாம் என்னைப் பற்றி.

“ஏ ஹமீதா!” என்று அத்தா கூப்பிட்டார்.

போய் நின்றேன். தண்ணீர் என் கணுக்காலைச் சுற்றி ஜில்லென்று ஓடியது. சென்னையும் அதோடு சேர்ந்து கடலுக்குப் போவதுபோல் இருந்தது. அடி விழுந்தாலும் பரவாயில்லை, அந்த விண்ணப்பத்தை மட்டும் கிழித்துவிடாதீர்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அழுகைதான் வந்தது.

“அழுவுறத நிறுத்து. நேத்து அழுததே ஒரு வருசத்துக்குப் போதும்” என்றார் அத்தா. “ஹாஸ்டலுக்கு இன்னா இன்னா வோணும்னு அம்மாகிட்ட சொல்லு.”

எனக்குக் காது கேட்காமல் போய்விட்டதோ என்று நினைத்தேன். “நெசமாவா அத்தா? நான்தான் எல்லாத்தையும் கெடுத்துட்டேனே!”

“அதனாலதான் அனுப்புறேன். இது சின்ன ஊரும்மா, உன்னத் தாங்காது. மெட்ராஸு பெர்சு.”

“ஆமா மச்சான்” என்றார் மாமா காலைத் தடவிக்கொண்டே. “வெரசா அனுப்பு.”

நான் போனேன், படித்தேன், கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வும் பெற்றுவிட்டேன். இத்தனை வருஷத்தில் சோதனைச்சாலையில் ஒரு வயரைக்கூட என் கையால் தொட்டதில்லை. தொடுவதற்கு ஆள் வைத்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் யார் பட்டம் வாங்கினாலும் இனிப்பு ஊட்டும்போது, “ஃபியூஸு போடக் கத்துக்கினியா?” என்றுதான் வாழ்த்துவார்கள். யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டது என்று செய்தி வந்தால், இந்தப் பக்கத்திலிருந்து முதலில் வரும் கேள்வி, “நெசமா, நாடகமா?”

அத்தா நல்ல முதுமையில், ஒரு வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பிறகு, படுத்த இடத்திலேயே அமைதியாகப் போய்விட்டார். யார் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று என்னிடம் போனைக் கொடுத்தார்கள். சுல்தான் மாமா அப்போது மகன் வீட்டில் செங்கல்பட்டில் இருந்தார். அவருக்கும் காது மந்தமாகிவிட்டிருந்தது. “மாமா, நான் ஹமீதா பேசறேன். அத்தா போய்ட்டாங்க மாமா” என்று அழுதேன்.

அந்தப் பக்கத்திலிருந்து மாமாவின் குரல் வந்தது. நடுங்கிக்கொண்டுதான் வந்தது.

“மொதல்ல அந்த டி.வி.ய நிறுத்திட்டு வந்து சொல்லும்மா.”